புராஜெக்ட் எழுதும் பிள்ளைகளுக்காக: மார்கரெட் கசின்ஸின் கதை



புராஜெக்ட் சீசன் வந்தால் நம் பிளாக்குகளில் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். இரவு ஒன்பதரை மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வரும். யார் வீட்டில் கலர் பிரிண்டர் இருக்கிறது, நாளை காலை கொடுத்தாக வேண்டும் என்று. சென்ற மாதம் எங்கள் வீட்டுக்கும் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி பென் டிரைவோடு வந்தாள். பெண்களின் வாக்குரிமைக்குப் போராடிய ஒரு தலைவரைப் பற்றி எழுத வேண்டுமாம். அவள் எடுத்துக்கொண்டது மார்கரெட் கசின்ஸ். நான்கு பக்கம், நல்ல படங்கள். முதல் பக்கத்திலேயே நம் தேசிய கீதத்தின் மெட்டை உருவாக்கியவர் இவர்தான் என்று இருந்தது.

எங்கிருந்து எடுத்தாய் என்று கேட்டேன். எல்லா இடத்திலும் அப்படித்தான் போட்டிருக்கிறது அங்கிள் என்றாள். நேரமாகிவிட்டதால் நானும் ஒன்றும் சொல்லாமல் பிரிண்ட் எடுத்துக் கொடுத்துவிட்டேன். அதற்கு முழு மதிப்பெண் கிடைத்தது என்று பிறகு தெரிந்தது. அந்த உறுத்தலில்தான் இந்த இதழுக்கு இதை எழுதுகிறேன். உங்கள் வீட்டுப் பிள்ளைகளோடு சேர்ந்து படியுங்கள்.

மார்கரெட் 1878 நவம்பர் 7 அன்று அயர்லாந்தின் ராஸ்காமன் மாவட்டத்தில் பாயில் என்ற சிற்றூரில் பிறந்தார். டப்ளினில் இசை படித்துப் பட்டம் பெற்றார். 1903இல் கவிஞர் ஜேம்ஸ் கசின்ஸை மணந்தார். பெண்களுக்கு வாக்கு வேண்டும் என்ற எண்ணம் 1906இல் மான்செஸ்டரில் நடந்த ஒரு பெண்கள் மாநாட்டுக்குப் போய்வந்த பிறகு அவருக்கு உறுதிப்பட்டது. 1908இல் ஹன்னா ஷீஹி ஸ்கெஃபிங்டனோடு சேர்ந்து ஐரிஷ் பெண்கள் வாக்குரிமைக் கழகத்தைத் தொடங்கினார். 1910இல் லண்டன் சென்று பிரதமர் வசிக்கும் டவுனிங் தெருவில் ஜன்னல் கண்ணாடியை உடைத்து, ஹாலோவே சிறையில் ஒரு மாதம் இருந்தார். 1913இல் டப்ளின் கோட்டையின் ஜன்னல்களை உடைத்ததற்காக மீண்டும் ஒரு மாதம், இந்த முறை டல்லமோர் சிறையில். அரசியல் கைதியாக நடத்தும்படி கேட்டு அங்கே உண்ணாவிரதம் இருந்தார்.

1915இல் கணவனும் மனைவியும் சென்னைக்கு வந்தார்கள். அன்னி பெசன்ட் நடத்திய நியூ இந்தியா பத்திரிகையில் ஜேம்ஸுக்கு வேலை. மறு ஆண்டு டப்ளினில் நடந்த ஈஸ்டர் எழுச்சியைப் பாராட்டி எழுதியதால் அந்த வேலை போயிற்று. பிறகு மதனப்பள்ளியில் உள்ள தியசாபிகல் கல்லூரிக்குப் போனார்கள்.

இந்த இடத்தில் பிள்ளைகள் ஒரு தாளை எடுத்து, ஆண்டுகளை மட்டும் வரிசையாக எழுதிப் பார்க்கட்டும். தாகூர் மதனப்பள்ளிக்கு வந்து தங்கியது 1919 பிப்ரவரியில். அங்கே அவர் ஜன கண மன பாடலைப் பாடிக் காட்டினார். இசை படித்த மார்கரெட் அதைக் கேட்டு ஸ்வரக் குறிப்பாக எழுதி வைத்தார். இது நடந்தது உண்மை. ஆனால் அதே பாடல் கல்கத்தா காங்கிரஸ் மாநாட்டில் பாடப்பட்டது 1911 டிசம்பர் 27 அன்று. மார்கரெட் இந்தியாவில் கால் வைப்பதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு! அப்படியானால் மெட்டு எப்படி அவருடையதாக இருக்க முடியும்? ஏற்கெனவே இருந்த பாட்டை எழுத்தில் பதிவு செய்தார் என்பது வேறு, மெட்டமைத்தார் என்பது வேறு. ஒருவர் அவசரத்தில் இரண்டையும் ஒன்றாக்கி எழுத, மற்றவர்கள் அதைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். நூறு பக்கங்களில் ஒரே வாக்கியம் இருந்தால் அது நூறு சாட்சி ஆகாது. ஒரே ஆள் சொன்னதை நூறு பேர் திருப்பிச் சொல்கிறார்கள், அவ்வளவுதான். ஏஐ செயலியிடம் கேட்டாலும் இதே தவறு வரக்கூடும். அதுவும் அந்தப் பக்கங்களைப் படித்துத்தானே பேசுகிறது.

இனி வாக்குரிமைக் கதைக்கு வருவோம். 1917 மே மாதம் அடையாறில் இந்திய மாதர் சங்கம் தொடங்கியது. அன்னி பெசன்ட் தலைவர். டோரதி ஜினராஜதாசா, மார்கரெட் இருவரும் அதைக் கட்டி எழுப்பியவர்களில் முக்கியமானவர்கள். அந்த ஆண்டு இறுதியில் இந்தியாவுக்கான பிரிட்டிஷ் அமைச்சர் எட்வின் மான்டேகு அரசியல் சீர்திருத்தம் பற்றி விசாரிக்க வந்தார். பெண்கள் சார்பில் சந்திக்க அனுமதி கேட்டு மார்கரெட் எழுதினார். அப்போது அவர் மனத்தில் முதலில் இருந்தது பெண் கல்வி. அரசியல் கோரிக்கை உள்ளவர்களைத்தான் அமைச்சர் சந்திப்பார் என்று பதில் வந்தது. உடனே வாக்குரிமையைக் கோரிக்கையில் சேர்த்தார். டிசம்பரில் சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் குழு சென்னையில் மான்டேகுவைச் சந்தித்தது. மக்களுக்கு வாக்கு என்று எழுதும்போது பெண்களையும் மக்களாகக் கணக்கில் எடுக்க வேண்டும் என்பதே அவர்கள் கேட்டதன் சாரம்.

இந்தச் சந்திப்புக்கு அதில் கலந்துகொண்ட இருவரின் பதிவுகள் இருக்கின்றன. ஒன்று, மார்கரெட்டும் ஜேம்ஸும் சேர்ந்து எழுதிய சுயசரிதை. 1950இல் வெளிவந்தது. நேரில் இருந்தவரே எழுதியது, ஆனால் முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு. இன்னொன்று, மான்டேகுவின் நாட்குறிப்பு. பயணத்தின்போதே எழுதி, அவர் இறந்த பிறகு 1930இல் அச்சானது. அதில் பெண்கள் கல்வியும் மருத்துவக் கல்லூரிகளும் கேட்டதாகத்தான் முதலில் வருகிறது. வாக்குரிமை பின்னால் போகிறது. மார்கரெட்டை லண்டனைச் சேர்ந்த வாக்குரிமைப் போராளி என்று வேறு எழுதிவிட்டார்! ராஸ்காமனில் பிறந்து டப்ளினில் போராடிய பெண்ணை. அன்றன்று எழுதிய மூலச் சான்றிலும் தவறு இருக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டுமா? எழுதியவர் யார், எப்போது எழுதினார், அவருக்கு எப்படித் தெரியும் என்ற மூன்று கேள்விகளையும் ஒவ்வொரு சான்றிடமும் கேட்கப் பிள்ளைகளைப் பழக்குங்கள். பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடச் சொல்லுங்கள்.

மான்டேகு வந்து போனதும் வாக்கு கிடைத்துவிடவில்லை. வாக்குரிமையை ஆராய்ந்த சவுத்பரோ குழு பெண்களுக்கு வேண்டாம் என்றது. 1919 சட்டத்தின்படி அந்த முடிவு மாகாண சட்டசபைகளின் கையில் விடப்பட்டது. 1921இல் சென்னை மாகாணம் பெண்களுக்கு வாக்களித்தது. பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களில் இதுவே முதல். அதே ஆண்டு பம்பாயும் பின்தொடர்ந்தது. ஆனால் எல்லாப் பெண்களுக்கும் அல்ல. சொத்தோ வரியோ தன் பெயரில் இருப்பவர்களுக்கு மட்டும். ஆண்களுக்கும் அதே விதிதான். ஆனால் அந்தக் காலத்தில் எத்தனை பெண்களின் பெயரில் சொத்து இருந்திருக்கும்? வயது வந்த எல்லோருக்கும் வாக்கு என்பது சுதந்திரத்துக்குப் பின், அரசியல் சட்டத்தோடுதான் வந்தது. அதனால் இந்தியப் பெண்களுக்கு எப்போது வாக்கு கிடைத்தது என்ற கேள்விக்கு 1921 என்றும் 1950 என்றும் இரண்டு பதில்களை இணையத்தில் பார்த்தால் குழம்ப வேண்டாம். எங்கே, யாருக்கு என்று சேர்த்து எழுதினால் இரண்டும் சரி.

மார்கரெட் அதோடு நிற்கவில்லை. சென்னையில் கௌரவ மாஜிஸ்திரேட்டாக இருந்தார். அவர் விடுத்த அழைப்பிலிருந்து பிறந்த அகில இந்திய மாதர் மாநாடு 1927 ஜனவரியில் புனேயில் முதன்முதலாகக் கூடியது. 1926 தேர்தலில் கமலாதேவி சட்டோபாத்யாயைத் துணிந்து போட்டியிட வைத்தவர்களில் அவரும் ஒருவர். மாதர் சங்கத்தின் தோழி டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சென்னை சட்டசபையின் துணைத் தலைவரானார். 1932இல் அவசரச் சட்டங்களை எதிர்த்துப் பேசியதற்காக மார்கரெட்டுக்கு ஓராண்டு தண்டனை கிடைத்தது. லண்டன், டல்லமோருக்கு அடுத்து வேலூர் சிறை. 1940களில் பக்கவாதம் அவரைப் படுக்கையில் தள்ளியது. 1954 மார்ச் 11 அன்று அடையாறில் காலமானார்.

நம் ஊரில் இருப்பதால் பிள்ளைகளுக்கு ஒரு வசதி உண்டு. அடையாறு தியசாபிகல் சொசைட்டி நூலகம், எழும்பூர் கன்னிமாரா நூலகம், ஆவணக் காப்பகம், தரமணி ரோஜா முத்தையா நூலகம் எல்லாம் பஸ் ஏறிப் போகும் தூரத்தில் இருக்கின்றன. போவதற்கு முன் அனுமதி விதிகளைப் போனில் கேட்டுக்கொள்ளுங்கள். மாதர் சங்கம் நடத்திய ஸ்திரீ தர்மம் இதழைத் தேடச் சொல்லுங்கள். வீட்டிலிருந்தே பார்க்க ஐரிஷ் வாழ்க்கை வரலாற்று அகராதி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. கட்டுரைகளை ஆய்வாளர்கள் பெயர் போட்டு எழுதியிருக்கிறார்கள்.

அந்த மாணவி போன ஞாயிறு மறுபடி வந்தாள். 1911, 1915, 1919 என்று மூன்றையும் அவளையே எழுதச் சொன்னேன். எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். மதிப்பெண்ணைக் குறைப்பார்களா என்று கேட்டாள். தெரியாது, ஆனாலும் டீச்சரிடம் சொல்லிவிடு என்றேன். சொல்லிவிட்டாளாம். திருத்திய கட்டுரை நம் அடுத்த இதழுக்கு வரும்.

கிளம்பும்போது ஒன்று கேட்டாள். நம் பொதுக்குழுவில் வீட்டுக்கு ஒரு வாக்குதானே, அம்மா ஏன் ஒரு தடவைகூடக் கை தூக்கியதில்லை என்று. பத்திரம் அப்பா பெயரில் என்றேன். சொன்ன பிறகுதான் 1921 ஞாபகம் வந்தது. அடுத்த பொதுக்குழுவுக்கு வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடும் முன், உங்கள் வீட்டு வாக்கை யார் போடுவது என்று வீட்டில் ஒருமுறை பேசிவிட்டு வாருங்கள்.