பரங்கிமலையில் தொடங்கிய கோடு: இடப்பெயர்ச்சியை வாழ்நாள் முழுக்க அளந்த லாம்ப்டன்

தாம்பரம் ஸ்டேஷனில் இருந்து ஒருத்தர் பைக்கில் கிளம்புறார்னு வச்சுக்குவோம். 4 கி.மீ. கிழக்கே போய், அங்கிருந்து 3 கி.மீ. வடக்கே திரும்புறார். மொத்தம் அரை மணி நேரம். பைக் மீட்டர் 7 கி.மீ. ஓடியிருக்கும். ஆனால் கிளம்பின இடத்துக்கும் போய் நின்ற இடத்துக்கும் நேர்கோடு போட்டால் 5 கி.மீ. தான். முதலாவது தொலைவு. இரண்டாவது, திசையோடு சேர்த்துச் சொன்னால், இடப்பெயர்ச்சி.

பள்ளியில் பலரும் குழம்பிய இடம் இது. ஆனால் இந்த நேர்கோட்டைத் தேடியே ஒருத்தர் இருபது வருடம் செலவழித்தார். அவர் வேலையைத் தொடங்கியது நம்ம பரங்கிமலையில். பெயர் வில்லியம் லாம்ப்டன்.

திசை மாறிய படை

இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில் எளிய குடும்பத்தில் பிறந்தவர் லாம்ப்டன். ராணுவத்தில் சேர்ந்து அமெரிக்க விடுதலைப் போருக்குப் போனார். 1781இல் யார்க்டவுனில் பிடிபட்டார். பிறகு கனடா பக்கம் பல வருடம் வேலை. சூரிய கிரகணத்தைப் பார்க்கப் போய் ஒரு கண்ணின் பார்வையும் கெட்டது. 1790களின் கடைசியில் படையோடு இந்தியா வந்தார்.

1799இல் திப்பு சுல்தானுக்கு எதிரான போர். ஒரு இரவு, ஜெனரல் பேர்ட் தலைமையில் படை நகர்கிறது. லாம்ப்டன் நட்சத்திரங்களைப் பார்த்தார். தெற்கே போக வேண்டிய படை வடக்கே, நேரா திப்புவின் முகாம் பக்கமே போய்க்கொண்டிருந்தது. சொன்னதும் ஜெனரல் நம்பவில்லை. திசைகாட்டியில் பார்த்த பிறகுதான் படை திரும்பியது.

வேகத்துக்கும் திசைவேகத்துக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். படை நடந்த வேகத்தில் குறையே இல்லை, திசைதான் தப்பு. நம்ம பைக்காரர் கணக்கில் பாருங்க: 7 கி.மீ.யை அரை மணியால் வகுத்தால் சராசரி வேகம் மணிக்கு 14 கி.மீ. இடப்பெயர்ச்சியான 5 கி.மீ.யை வகுத்தால் சராசரி திசைவேகம் மணிக்கு 10 கி.மீ., அதுவும் வடகிழக்கு பக்கமாக. இரண்டும் சரிதான், கேட்கும் கேள்விதான் வேறு.

நூறு அடிச் சங்கிலி

திப்பு வீழ்ந்த பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியின் கையில் பெரிய நிலப்பரப்பு வந்தது. ஆளவும் வரி வசூலிக்கவும் படை நடத்தவும் சரியான வரைபடம் தேவைப்பட்டது. லாம்ப்டனுக்கு அதோடு இன்னொரு ஆசையும் இருந்தது: பூமியின் சரியான வடிவத்தைக் கண்டுபிடிப்பது. இரண்டுக்கும் ஒரே வழி, துல்லியமான அளவீடு.

நிலை என்பது தனியாக நிற்கிற விஷயம் இல்லை. எங்கிருந்து பார்க்கிறோம் என்ற தொடக்கப் புள்ளி வேணும். 1802 ஏப்ரல் 10 அன்று பரங்கிமலை அருகே லாம்ப்டன் அந்தப் புள்ளியைப் பிடித்தார். அங்கிருந்து தெற்கே பெரும்பாக்கம் குன்று வரை சுமார் 12 கி.மீ. நீளத்துக்கு ஒரு நேர்கோட்டை அளந்தார். கருவி, 100 அடி நீள எஃகுச் சங்கிலி. சீனப் பேரரசருக்குப் பரிசாகக் கொண்டுபோய், அங்கே வேண்டாமென்று ஒதுக்கப்பட்டுத் திரும்பி வந்த சங்கிலி அது.

மரப்பெட்டிகளில் கிடத்தி, மட்டம் பார்த்து, சுமார் 400 தடவை அதை நீட்டினார்கள். பக்கத்திலேயே வெப்பமானி. ஏன்னா வெயிலில் எஃகு நீளும். ஒரு டிகிரி செல்சியஸ் மாற்றத்தைக் கவனிக்காமல் விட்டால் 12 கி.மீ.க்கு கிட்டத்தட்ட 14 செ.மீ. பிழை வரும். ஏப்ரல், மே சென்னை வெயிலை நினைத்துப் பாருங்க!

நடக்காமலே அளப்பது

இவ்வளவு கவனம் எதுக்கு? அந்த ஒரு கோட்டை நம்பித்தான் மீதி எல்லாமே. கோட்டின் இரண்டு முனைகளில் இருந்தும் தூரத்தில் உள்ள ஒரு குன்றைப் பார்த்து, கோணங்களை அளக்கணும். ஒரு பக்கமும் இரண்டு கோணமும் தெரிந்தால் முக்கோணத்தின் மற்ற பக்கங்களைக் கணக்கிட்டுவிடலாம். அப்படிக் கிடைத்த பக்கம் அடுத்த முக்கோணத்துக்கு அடித்தளம். இப்படியே முக்கோணம் மேல் முக்கோணமாக நாட்டின் குறுக்கே போகலாம்.

ஒவ்வொரு பக்கமும் ஒரு இடப்பெயர்ச்சி. அதைக் கிழக்கு-மேற்காக எவ்வளவு, வடக்கு-தெற்காக எவ்வளவு என்று பிரித்து, தனித்தனியாகக் கூட்டினால் கடைசிப் புள்ளியின் நிலை வந்துவிடும். தேர்வில் வரும் இருபரிமாணக் கணக்கும் இதே வேலைதான். பூமியின் வளைவையும் லாம்ப்டன் சேர்த்துக் கணக்கிட வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

சென்னையில் தொடங்கிய முக்கோணங்கள் மங்களூர் கரையைத் தொட்டபோது ஒரு உண்மை தெரிந்தது. பழைய வரைபடத்தில் தீபகற்பத்தின் அகலம் சுமார் 400 மைல். லாம்ப்டனுக்குக் கிடைத்தது 360 மைல். 40 மைல் நிலம் இருந்ததே இல்லை!

கோணம் பார்க்கும் தியோடலைட் கருவி அரை டன் எடை. 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து சுவரில் மோதி, அதன் வட்டு நசுங்கியது. லாம்ப்டன் கூடாரத்துக்குள் உட்கார்ந்து, சுமார் ஆறு வாரம் செலவழித்து அதைப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவந்தார். அந்தக் கருவியைக் குன்று குன்றாகச் சுமந்தவர்கள், காட்டில் கொடி பிடித்து நின்றவர்கள், காய்ச்சலில் செத்தவர்கள் நம்ம ஊர் ஆட்கள். அவர்களில் பெரும்பாலோர் பெயர் எதிலும் இல்லை.

ஒரு நாளைக்கு 112 மீட்டர்

தெற்கே கன்னியாகுமரி பக்கம் வரை போன முக்கோணங்கள் பிறகு வடக்கே ஏறின. 1818இல் இந்த வேலைக்கு மாபெரும் முக்கோணவியல் நில அளவை என்ற பெயர் வந்தது. 1823 ஜனவரி 20 அன்று, இன்றைய மகாராஷ்டிரத்தின் ஹிங்கன்காட்டில் லாம்ப்டன் இறந்தார். வேலையைத் தொடர்ந்தவர் ஜார்ஜ் எவரெஸ்ட். உலகின் உயரமான சிகரத்துக்குக் கிடைத்தது அவர் பெயர்தான்.

இப்போ லாம்ப்டனுக்கே ஒரு கணக்கு போடலாம். பரங்கிமலையில் இருந்து ஹிங்கன்காட் சுமார் 835 கி.மீ. வடக்கே, 144 கி.மீ. மேற்கே. நேர்கோட்டில் கிட்டத்தட்ட 850 கி.மீ. காலம், 20 வருடம் 9 மாதம். சராசரி திசைவேகம் வருடத்துக்கு 41 கி.மீ., அதாவது ஒரு நாளைக்கு 112 மீட்டர். வீட்டு வாசலில் இருந்து தெருமுனைக் கடை வரை!

கன்னியாகுமரி வரை போய்த் திரும்பியதும், மங்களூர் வரை குறுக்கே போனதும், ஒவ்வொரு குன்றிலும் மேகம் விலகக் காத்திருந்ததும் இந்த எண்ணில் வராது. இடப்பெயர்ச்சி முதல் புள்ளியையும் கடைசிப் புள்ளியையும் மட்டும்தான் பார்க்கும். நடந்த கதை வேணும்னா தொலைவைத்தான் கேட்கணும்.