முன்ஷி அப்துல்லாஹ்: மலாக்கா தந்த மொழியாசான்

ஆசிரியப் பணியால் அழியாப் புகழ் பெற்ற ஒருவரின் வரலாற்றை இம்மலரில் தங்கள் முன் வைக்கின்றோம்.

ஏமன் நாட்டிலிருந்து வந்த அரபுப் பெரியார் ஒருவர் நாகூரில் தங்கித் தமிழ்ப் பெண்மணியை மணந்தார். அவருடைய மைந்தர்களுள் ஒருவர் மலாக்காவில் குடியேறினார். அவ்வழியில் 1796ஆம் ஆண்டு மலாக்காவில் பிறந்தவரே அப்துல்லாஹ் பின் அப்துல் காதிர்.

இளமையில் திருக்குர்ஆன் ஓதக் கற்றார். வணிகர்கள் கணக்கு வழக்கிற்காகத் தமிழ் பயின்ற காலம் அது. தந்தையார் அவரைத் தமிழ் கற்க அனுப்ப, ஏறக்குறைய இரண்டரை ஆண்டுகள் பயின்றார். மலாக்காக் கோட்டையிலிருந்த இந்திய முஸ்லிம் சிப்பாய்களுக்குக் கற்பித்தார். அவர்களிடமிருந்து இந்துஸ்தானியைத் தாம் கற்றார். மொழியாசிரியர் எனப் பொருள்படும் 'முன்ஷி' என்ற பெயர் அவர்கள் அளித்ததேயாகும்.

1810-11இல் மலாக்காவில் தங்கியிருந்த ராஃபிள்ஸிடம் எழுத்தராகப் பணியாற்றினார். பின்னர் கிறித்தவப் போதகர்களுக்கு மலாய் கற்பித்து, அவர்களிடம் ஆங்கிலமும் அச்சுத்தொழிலும் கற்றார். 1819இல் ஆங்கிலேயர் சிங்கப்பூரில் குடியேற்றம் அமைத்தபின், அங்கும் வணிகர்களுக்கும் அதிகாரிகளுக்கும் மலாய் போதித்தார். அதனால் சொந்த மக்களுள் சிலர் 'பாதிரி அப்துல்லாஹ்' என்று ஏளனம் செய்தனர். ஆயினும் அவர் இறுதிவரை தீனில் உறுதியாக நின்றார், கற்பிப்பதையும் கைவிடவில்லை.

அவருடைய மனக்குறை வேறொன்றாக இருந்தது. பிறப்பால் வந்த மொழிதானே என்றெண்ணி மலாய் மக்கள் தம் பிள்ளைகளுக்குத் தாய்மொழியை முறையாகக் கற்பிப்பதில்லை என்று அவர் வருந்தினார். அக்குறையைப் போக்க எழுதுகோலை ஏந்தினார். 1835இல் பஞ்சதந்திரக் கதைகளைத் தமிழிலிருந்து மலாயில் பெயர்த்தார். 1849இல் அவருடைய தன்வரலாறான 'ஹிகாயத் அப்துல்லாஹ்' அச்சேறியது. ஆங்கிலேயரை அளவுக்கு மீறிப் புகழ்ந்தார் என்ற குறை அவர்மீது உண்டு. அதை நாம் மறைக்க வேண்டியதில்லை. எனினும் நவீன மலாய் இலக்கியத்தின் தந்தை என்றே அவர் போற்றப்படுகிறார்.

1854இல் ஹஜ்ஜை நாடிப் புறப்பட்ட அவர், ஹிஜாஸ் மண்ணிலேயே வஃபாத்தானார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

கள்ளக்குறிச்சி நகரிலும் கல்வராயன் மலையடிவாரத்து ஊர்களிலும் வாழும் நம் பிள்ளைகள் குர்ஆன் ஓதுகின்றனர், ஆங்கிலமும் படிக்கின்றனர். ஆனால் தாய்மொழியில் ஒரு பக்கம் பிழையின்றி எழுத அவர்களுள் எத்தனை பேருக்கு இயலும்? ஒவ்வொரு பெற்றோரும் இன்றிரவே தம் பிள்ளையை அருகில் அமர்த்தி எழுதச் செய்து பார்க்குமாறு அன்புடன் வேண்டுகின்றோம்.