சாய்ந்த சக்கரம்

ஓடுகிற காரை போட்டோ எடுத்துப் பார்த்திருக்கீங்களா? எடுத்திருந்தால் இந்தக் கஷ்டம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஷட்டர் வேகத்தை 1/1000 நொடிக்கு ஏற்றினால் கார் அப்படியே உறைந்து நிற்கும். சக்கரத்தின் கம்பிகளை எண்ணிவிடலாம். ஆனால் ரேஸ் கார் மாதிரி தெரியாது, பார்க்கிங்கில் விட்ட கார் மாதிரி இருக்கும். ஷட்டரைக் குறைத்தால் காரே கரைந்துபோய் ஒரு கோடாகிவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற வழிக்குப் பெயர்தான் பேனிங். கார் போகிற திசையிலேயே கேமராவையும் திருப்பிக்கொண்டே எடுப்பது. கார் தெளிவாக இருக்கும், பின்னணி இழுபட்டுப் போகும், பார்க்கிறவருக்கு வேகம் புரியும்.

பேனிங் பற்றிப் பேசும்போது ஒருவருடைய படம் திரும்பத் திரும்ப வரும். அதை எடுத்தவர் அது ஒரு தோல்வி என்றுதான் நினைத்தார். அவருடைய கதையைத்தான் இந்த மாதம் உங்களுக்குச் சொல்லப்போகிறேன்.

பெயர் ழாக் ஆன்ரி லார்டீக். 1894 ஜூன் 13 அன்று, பாரிஸுக்குப் பக்கத்தில் உள்ள கூர்பவுவா என்ற ஊரில் பிறந்தார். வசதியான குடும்பம். எவ்வளவு வசதி என்றால், கார் என்பதே புதுமையாக இருந்த காலத்தில் அப்பாவிடம் கார் இருந்தது, கேமராவும் இருந்தது. குட்டிப் பையனாக இருந்தபோது லார்டீக் தனக்கென்று ஒரு விளையாட்டு வைத்திருந்தார். கண்ணைத் திறந்து, மூடி, மறுபடி அகலத் திறந்தால் எதிரில் இருப்பதெல்லாம் உள்ளே மாட்டிக்கொள்ளும், எப்போதும் தன்னிடமே இருக்கும் என்று நம்பினார். கொஞ்ச நாளில் அந்த வித்தை பலிக்காமல் போனது. பையன் நொந்துபோனான். 1902-இல், எட்டு வயது நடக்கும்போது, அப்பா அவர் கையில் ஒரு கேமராவைக் கொடுத்தார். பலிக்காத வித்தை பலித்துவிட்டது.

அதற்குப் பிறகு அவர் நிறுத்தவே இல்லை. வீட்டில் ஓடுவது, குதிப்பது, பறப்பது எல்லாமே படமானது. அண்ணன் மோரிஸை வீட்டில் ஸிஸூ என்று கூப்பிடுவார்கள். நம்ம மெக்கானிக்கல் டிபார்ட்மென்ட்டில் இருந்திருக்க வேண்டிய ஆள். சக்கரம் வைத்த சறுக்கு வண்டி கட்டுவார், கிளைடர் செய்து அதில் தானே தொங்கிப் பறக்கப் பார்ப்பார். தம்பி பக்கத்தில் கேமராவோடு நிற்பார். 1904-இல் மெர்லிமோன் கடற்கரை மணல்மேட்டில் கேப்ரியேல் வொய்சான் கிளைடரில் பறந்தபோது அங்கேயும் இந்தப் பையன் இருந்தான். வயது பத்துகூட நிறையவில்லை.

இன்னொரு பழக்கமும் அவரிடம் இருந்தது. தினமும் டைரி எழுதுவார். அன்றைக்கு வெயிலா மழையா, என்ன செய்தோம் என்பதோடு, எடுத்த படங்களைச் சின்னச் சின்னக் கோட்டோவியமாக வரைந்தும் வைப்பார். ஏன் தெரியுமா? அப்போதெல்லாம் கண்ணாடித் தகட்டில்தான் படம் எடுப்பார்கள். கழுவிப் பார்க்கும்வரை படம் வந்ததா, சொதப்பியதா என்று தெரியாது. சொதப்பினாலும் அந்தக் கணம் தொலைந்துபோகக் கூடாது. எனக்குத் தெரிந்து இதுதான் உலகத்திலேயே அழகான பேக்அப்.

இனி அந்தப் படத்துக்கு வருவோம்.

பிரெஞ்சு ஆட்டோமொபைல் கிளப் நடத்திய கிராண்ட் ப்ரீ பந்தயம். இன்றைக்கு மாதிரி தனியாகக் கட்டிய டிராக் எல்லாம் கிடையாது. ஊர்ச் சாலையை மூடிவிட்டு அதிலேயே ஓட்டுவார்கள். 1913-இல் அமியான் நகருக்கு அருகே நடந்த பந்தயத்தில் ஒரு சுற்று ஏறக்குறைய 31.6 கிலோமீட்டர். அப்படி 29 சுற்று. பீஜோ காரில் ஜெயித்த ஜார்ஜ் புவாலோவின் சராசரி வேகம் மணிக்குச் சுமார் 116 கிலோமீட்டர். மெல்லிய டயர், மூடாத இருக்கை, ஓட்டுநருக்குப் பக்கத்தில் ஒரு மெக்கானிக். அந்த வண்டியில் அந்த வேகம்! சாலையோரம் பார்வையாளர்கள் நிற்பார்கள். அந்தக் கூட்டத்தில் லார்டீக்கும் ஒருவர்.

அவர் எடுத்த படத்தில் 6 என்ற எண் போட்ட கார் வலப்பக்கமாகப் பாய்கிறது. முன்பகுதி ஃப்ரேமுக்கு வெளியே போய்விட்டது. பின்சக்கரம் வட்டமாக இல்லை, முட்டை வடிவத்தில் முன்னால் சாய்ந்திருக்கிறது. பின்னால் நிற்கிற ஆட்களும் கம்பங்களும் எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கிறார்கள், புயலில் மாட்டிய தென்னைமரம் மாதிரி. கார் வெட்டுப்பட்டு, எல்லாம் கோணலாகி... லார்டீக் இதைத் தேறாத படம் என்று ஒதுக்கி வைத்துவிட்டார்.

ஏன் இப்படி ஆனது? இது நம்ம சிலபஸ் விஷயம்தான், பொறுமையாகப் படியுங்க.

அந்தக் கேமராக்களில் தகட்டுக்கு முன்னால் ஒரு திரை இருக்கும், திரையில் ஒரு குறுகலான பிளவு. பட்டனை அழுத்தினால் அந்தப் பிளவு தகட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடும். அதாவது முழுப் படமும் ஒரே நேரத்தில் பதிவதில்லை, பட்டை பட்டையாகப் பதிகிறது. கேமராவுக்குள் காட்சி தலைகீழாக விழும். பிளவு மேலிருந்து கீழே இறங்கினால் காட்சியின் கீழ்ப்பகுதி முதலிலும் மேல்பகுதி கடைசியிலும் பதியும். சக்கரத்தின் அடிப்பாகம் பதிந்து, மேல்பாகம் பதிவதற்குள் கார் கொஞ்சம் முன்னால் போய்விடுகிறது. அதனால் மேல்பாகம் முன்னால் தள்ளி விழுகிறது. வட்டம் சாய்ந்த முட்டையாகிறது.

சரி, ஆட்கள் ஏன் எதிர்ப்பக்கம் சாய்ந்தார்கள்? லார்டீக் கேமராவையும் காரோடு திருப்பினார். கேமரா வலப்பக்கம் திரும்பினால், அசையாமல் நிற்கிறவர்கள் ஃப்ரேமுக்குள் இடப்பக்கம் நகர்வார்கள். கால் முதலில் பதிந்து, தலை பதிவதற்குள் அவர்கள் இடது பக்கம் போயிருப்பார்கள். அவ்வளவுதான். அவர் கேமராவைத் திருப்பாமல் எடுத்திருந்தால் ஆட்கள் நேராக நின்றிருப்பார்கள். காரின் வேகத்துக்குச் சரியாகத் திருப்பியிருந்தால் சக்கரம் வட்டமாக வந்திருக்கும். இரண்டும் சாய்ந்திருக்கிறது என்றால், அவர் திருப்பினார், ஆனால் காரைவிடக் கொஞ்சம் மெதுவாகத் திருப்பினார் என்று அர்த்தம். காரின் மூக்கு ஃப்ரேமைத் தாண்டி ஓடியதும் இதே தாமதத்தால்தான் இருக்கும். ஒரு படத்தை வைத்தே எடுத்தவரின் இடுப்பு திரும்பிய வேகத்தைக் கண்டுபிடிக்கலாம் என்றால் நம்புவீங்களா?

அவரைக் குறை சொல்ல முடியாது. கணக்குப் போட்டுப் பாருங்க. மணிக்கு 116 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 32 மீட்டர். நீங்கள் சாலையிலிருந்து 10 மீட்டர் தள்ளி நின்றால், கார் உங்களுக்கு நேர் எதிரே வரும் கணத்தில் கோண வேகம் நொடிக்கு 3.2 ரேடியன். அதாவது ஒரு நொடியில் அரை வட்டம் சுற்றுகிற வேகம். கையில் கனமான மரக் கேமராவை வைத்துக்கொண்டு!

இந்தக் கணக்கிலேயே பேனிங்கின் ரகசியமும் இருக்கிறது. நேர் எதிரே வரும்போது கோண வேகம் உச்சத்தில் இருக்கும், ஆனால் அது மாறுகிற அளவு அங்கேதான் பூஜ்ஜியம். தூரமும் அங்கே மாறாது. அதனால் பட்டனை அழுத்த வேண்டிய இடம் அதுதான். காலை அகட்டி, அந்த இடத்தைப் பார்த்து நில்லுங்க. அங்கேயே முன்கூட்டி ஃபோகஸ் பண்ணி வைங்க. பாதத்தை நகர்த்தாமல் இடுப்பை மட்டும் கார் வரும் பக்கம் திருப்பிக்கோங்க. தூரத்தில் வரும்போதே காரை ஃப்ரேமில் பிடித்து, கூடவே சுழன்று வாங்க. பட்டனை மெதுவாக அழுத்துங்க. அழுத்திய பிறகும் நிறுத்தாமல் தொடர்ந்து திரும்புங்க, இதுதான் ரொம்ப முக்கியம். ஆரம்பிக்க 1/125 நொடி போதும். கை பழகியதும் 1/60, பிறகு 1/30. பழைய கிளாசிக் கார்களுக்கு மெதுவான ஷட்டர் ரொம்பப் பொருந்தும். கம்பிச் சக்கரம் சுழல்வது தெரிந்தால்தான் அந்த வண்டிக்கு உயிர்.

லார்டீக் கதையில் மீதி இருக்கிறது. வளர்ந்த பிறகு அவர் தன்னை ஓவியர் என்றுதான் சொல்லிக்கொண்டார். 1915-இல் பாரிஸின் ஜூலியான் அகாடமியில் ஓவியம் படித்தார். குடும்பச் சொத்து பின்னாளில் கரைந்துபோக, ஓவியம் விற்றுப் பிழைத்தார். போட்டோ எடுப்பதை மட்டும் விடவில்லை. யாருக்கும் காட்டுவதற்காக இல்லாமல் ஆல்பம் ஆல்பமாக ஒட்டிக்கொண்டே போனார்.

1962-இல் அமெரிக்கா போனபோது அந்தப் படங்கள் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தின் ஜான் ஸார்கோவ்ஸ்கியின் கண்ணில் பட்டன. 1963-இல் அங்கே கண்காட்சி நடந்தது. அதே ஆண்டு நவம்பரில் லைஃப் பத்திரிகை அவர் படங்களைப் பல பக்கங்களில் வெளியிட்டது. கென்னடி கொலையான செய்தி வந்த அதே இதழ், அதனால் உலகமே அதை வாங்கியது. லார்டீக்குக்கு அப்போது வயது 69. ரிடையர் ஆகிற வயதும் தாண்டிய பிறகு ஒருவர் அறிமுகப் புகைப்படக்காரர் ஆனார். 1974-இல் பிரான்ஸ் அதிபர் ஜிஸ்கார் தெஸ்தேனின் அதிகாரப்பூர்வப் படத்தை எடுத்ததும் அவர்தான். 1979-இல் தன் சேகரிப்பு முழுவதையும் நாட்டுக்கே கொடுத்தார். 1986 செப்டம்பர் 12 அன்று நீஸ் நகரில் காலமானார்.

அந்தக் கோணல் சக்கரம்தான் இன்று அவருடைய மிகப் பிரபலமான படங்களில் ஒன்று. வேடிக்கை என்னவென்றால், அது 1912-இல் எடுத்த டெலாஜ் கார் என்றுதான் அவர் குறித்து வைத்திருந்தார், புத்தகங்களும் அப்படியே அச்சிட்டன. பிறகு ஆராய்ந்தவர்கள், அது 1913 அமியான் பந்தயம், கார் ஷ்னைடர் என்று சொன்னார்கள். டைரி எழுதியவருக்கே நினைவு தப்பியிருக்கிறது. தகடு மட்டும் எதையும் மறக்கவில்லை.

ஒரு சின்னப் பரிசோதனை செய்து பாருங்க. ஓடுகிற பஸ் ஜன்னலிலிருந்து உங்க போனில் ஒரு மின்கம்பத்தை எடுங்க. கம்பம் சாய்ந்து வரும். போன் சென்சாரும் வரிசை வரிசையாகத்தான் படிக்கிறது. அதை ரோலிங் ஷட்டர் என்கிறோம். நூறு வருஷத்துக்கு முந்தைய பிளவுத் திரையின் பேரன் உங்க பாக்கெட்டில்தான் இருக்கிறது.

பேனிங் பழக ரேஸ் டிராக்தான் வேண்டும் என்றில்லை, கல்லூரி வாசலில் போகிற டவுன் பஸ் போதும். நூறு படம் எடுத்தால் தொண்ணூறு தேறாது, அது சகஜம். அந்தத் தொண்ணூறை உடனே அழிக்காதீங்க. லார்டீக் தேறாத தகட்டை உடைக்காமல் ஒரு பெட்டிக்குள் போட்டு வைத்தார். உங்களுக்கு ஒரு ஃபோல்டர் போதும்.