காடு காத்த கௌரா தேவி

ஒருவர் நட்ட மரத்தின் பயனை மனிதரோ பறவையோ விலங்கோ உண்ணுமாயின், அது நட்டவருக்கு அறக்கொடையாகும் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. புன்னை மரத்தை உடன்பிறந்தாளாகக் கருதி அதனருகில் காதலனுடன் நகையாட நாணிய தலைவியை நற்றிணையில் காண்கிறோம். இவ்விரண்டையும் போற்றும் நாம், மரங்களுக்காகத் தம் உயிரையும் பொருட்படுத்தாது நின்ற கௌரா தேவியாரின் வாழ்வை அறிதல் கடமையாகும்.

இமயமலைச் சாரலில், இன்றைய உத்தராகண்ட் மாநிலத்தின் சமோலி மாவட்டத்திலுள்ள லாதா என்னும் சிற்றூரில் 1925ஆம் ஆண்டு அவர் பிறந்தார். பள்ளி சென்றாரில்லை. இளமையிலேயே மணமாகி ரேணி என்னும் ஊருக்கு வந்தார். 22ஆம் வயதில் கணவரை இழந்து, கைக்குழந்தையுடன் உழைத்து வாழ்ந்தார். பின்னர் அவ்வூரின் மகளிர் நலச் சங்கமான மகிளா மங்கள் தளத்திற்குத் தலைவியானார். ஊர்த் தூய்மையும் ஊர்க்காட்டைப் பேணலுமே அச்சங்கத்தின் எளிய பணிகள்.

1970ஆம் ஆண்டு அலக்நந்தா ஆற்றில் பெருவெள்ளம் வந்து ஊர்களை அழித்தது. மலைச்சரிவில் மரங்களை வெட்டியதன் விளைவே இக்கேடு என மக்கள் உணரலாயினர். சண்டி பிரசாத் பட் வழிநடத்திய தசோலி கிராம சுயராஜ்ய மண்டல் இவ்வுணர்வை ஊர்தோறும் பரப்பியது. 1973இல் மரங்களைக் கட்டித் தழுவிக் காக்கும் சிப்கோ இயக்கம் தோன்றியது.

ரேணிக் காட்டில் ஏறத்தாழ 2,500 மரங்கள் ஏலம் விடப்பட்டன. 1974 மார்ச் 26 அன்று, நிலத்திற்கு இழப்பீடு தருவதாகக் கூறி ஆடவரைச் சமோலிக்கு அழைத்திருந்தனர். அவ்வேளையில் மரம் வெட்டுவோர் காட்டினுள் புகுந்தனர். அதனைக் கண்ட சிறுமி ஒருத்தி ஓடிவந்து செய்தி சொன்னாள். கௌரா தேவியார் 27 பெண்களுடன் விரைந்தார். காடு தங்கள் தாய்வீடு என எடுத்துரைத்தார். துப்பாக்கி காட்டி அச்சுறுத்தியபோதும் அவர் பின்வாங்கவில்லை. பெண்கள் இரவெல்லாம் காவல் நின்றனர். வந்தவர்கள் வெறுங்கையுடன் திரும்பினர்.

அதன்பின் அரசு, தாவரவியல் அறிஞர் வீரேந்திர குமார் தலைமையில் குழு அமைத்தது. குழுவின் அறிக்கையை ஏற்று, ரேணியிலும் அலக்நந்தாவின் மேல் நீர்ப்பிடிப்புப் பகுதியிலும் மரம் வெட்ட 10 ஆண்டுத் தடை விதிக்கப்பட்டது.

1991இல் அவ்வன்னையார் மறைந்தார். 2021 பிப்ரவரி 7 அன்று ரிஷிகங்கையில் எழுந்த பெருவெள்ளம் ரேணியை அடுத்திருந்த நீர்மின் திட்டத்தை அழித்தது. இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தும் காணாமலும் போயினர். மலையைக் காக்கும் பணி ஒரு தலைமுறையோடு முடிவதன்று என்பதை இது உணர்த்துகிறது.

அன்று அப்பெண்களிடம் ஏட்டுக்கல்வி இல்லை, பதவியும் இல்லை. முன்னரே கூடிப் பழகிய சங்கம் ஒன்று இருந்தது. ஆதலாலன்றோ ஆடவர் இல்லாத நாளிலும் அவர்களால் ஒருங்கே எழ முடிந்தது! இடர் வந்தபின் ஒன்றுகூடுதல் அரிது. நம் மாணவச் செல்வங்கள் தத்தம் ஊர்களில் அத்தகைய சங்கங்களை இன்றே அமைப்பார்களாக!