ஆலைக்குள்ளும் ஒரு சேரி

அண்ணல் அம்பேத்கரைச் சட்டமேதையாக நாம் அறிவோம். பஞ்சாலைத் தொழிலாளர் நடுவே வாழ்ந்த அம்பேத்கரை அவ்வளவாக அறிய மாட்டோம்.

1891-இல் மோவ் ராணுவ முகாமில் பிறந்தவர் அவர். தந்தை சுபேதார் ராம்ஜி ஓய்வுபெற்ற பின் குடும்பம் சதாராவிலும், பிறகு பம்பாயின் பரேலிலும் வாழ்ந்தது. ஆலைச் சங்கு ஊதித்தான் பரேலில் பொழுது விடியும். லண்டனில் படித்துத் திரும்பிய பிறகும் பல ஆண்டுகள் அங்கே இரண்டே சிறு அறைகளில்தான் அவர் குடியிருந்தார்.

கிராமத்தில் செத்த மாட்டை அகற்றவும் ஊர் ஊழியம் செய்யவும் கட்டாயப்படுத்தப்பட்ட மகர் மக்கள், கூலி கிடைக்கும் என்று ஆலைக்கு வந்தார்கள். சாதியும் கூடவே வந்தது. தறி நாடாவில் நூல் தீர்ந்தால், புது நூலின் முனையை நாடாவின் துளை வழியே வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டும். தலித் வாய் வைத்த நாடாவைத் தொட மாட்டோம் என்றார்கள் சாதி இந்துத் தொழிலாளர்கள். அதனால் கூலி அதிகமுள்ள நெசவுப் பிரிவு தலித்துகளுக்கு மூடப்பட்டது. கூலி குறைந்த நூற்புப் பிரிவே மிஞ்சியது. இந்த வேலியை முதலாளி மட்டும் போடவில்லை, பக்கத்தில் நின்ற தொழிலாளியும் சேர்ந்தே போட்டார்.

1928-இல் பம்பாய் ஆலைகளில் ஆறு மாதம் நீடித்த பெரும் வேலைநிறுத்தம் நடந்தது. நெசவுப் பிரிவைத் தலித்துகளுக்குத் திறப்பதும் கோரிக்கையாக வேண்டும் என்று தொழிற்சங்கத் தலைவர்களிடம் அம்பேத்கர் வாதாடினார். அவர்கள் தயங்கித் தயங்கியே ஏற்றார்கள்.

அதற்காக அவர் தொழிலாளர் ஒற்றுமையைக் கைவிடவில்லை. 1936-இல் சுதந்திரத் தொழிலாளர் கட்சியைத் தொடங்கினார். 1938 பிப்ரவரியில் மன்மாடில் கூடிய தலித் ரயில்வே தொழிலாளர் மாநாட்டில், பார்ப்பனியமும் முதலாளித்துவமும் உழைப்பவரின் இரு பகைகள் என்று விளக்கினார். அதே ஆண்டு நவம்பர் 7 அன்று, வேலைநிறுத்த உரிமையை நெரிக்க வந்த தொழில் தகராறு மசோதாவை எதிர்த்து, கம்யூனிஸ்டுகளோடு கைகோத்து வேலைநிறுத்தம் நடத்தினார்.

1942-இல் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினரானார். ஆலைகளில் வாரம் 54 மணி நேரமாக இருந்த வேலை, அவர் கொண்டுவந்த மசோதாவால் 1946-இல் 48 மணியானது. அதன் பலன் எல்லாச் சாதித் தொழிலாளருக்கும் கிடைத்தது.

இன்று நம் பிள்ளைகளும் கம்பெனி வேலைக்குப் போகிறார்கள். எந்தப் பிரிவில் யார் நிற்கிறார்கள், துப்புரவுப் பணி யார் தலையில் விழுகிறது என்று கவனிப்போம். சங்கத்தில் சேருவோம், சேர்ந்த சங்கத்துக்குள் இந்தக் கேள்வியையும் கேட்போம்.