பனியில் வீழ்ந்தவரும் கரையில் நின்றவரும்

போர்க்களத்தில் மடிந்த வீரனுக்குக் கல் நடுவதும் பாட்டுக் கட்டுவதும் உலகெங்கும் உள்ள வழக்கம். அவ்வீரன் விட்டுச் சென்ற இல்லத்தில் எஞ்சிய ஆண்டுகள் எவ்வாறு கழிந்தன என்பது பெரும்பாலும் ஏட்டில் ஏறுவதில்லை. அமெரிக்க விடுதலைப் போரின் முதலாண்டிலேயே உயிர் நீத்த தளபதி ரிச்சர்ட் மாண்ட்கோமரியின் வரலாறு இவ்விரண்டையும் ஒருசேரக் காட்டுவது. அப்போரில் அவர் தளபதியாக விளங்கியது ஏறத்தாழ 6 திங்கள். அவரை நினைந்தே அவர் துணைவியார் ஜேனட் வாழ்ந்தது 52 ஆண்டுகளுக்கும் மேல்.

மாண்ட்கோமரி அயர்லாந்தில், டப்ளின் நகருக்கு வடக்கேயுள்ள சுவோர்ட்ஸ் என்னும் ஊரில் 1738ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 2ஆம் நாள் பிறந்தார். தந்தையார் தாமஸ், அயர்லாந்து நாடாளுமன்றத்தில் லிஃபர்ட் தொகுதியின் உறுப்பினராக இருந்தவர். டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் பயின்ற மகன், பட்டம் பெறுமுன்பே 1756இல் பிரிட்டிஷ் தரைப்படையின் 17ஆம் காலாட்பிரிவில் சேர்ந்தார். ஏழாண்டுப் போர் அவரைக் கடல் கடந்து இட்டுச் சென்றது. 1758இல் லூயிஸ்பர்க் முற்றுகை, 1760இல் மாண்ட்ரியல், 1762இல் மார்ட்டினிக், ஹவானா எனக் களங்கள் தொடர்ந்தன. ஹவானாவில் குண்டுக்கு மாண்டவரினும் காய்ச்சலுக்கு மாண்டவரே மிகுதி. அங்கிருந்து உயிரோடு மீண்ட அவர் 1765இல் பிரிட்டன் திரும்பினார். எட்மண்ட் பர்க், சார்லஸ் ஜேம்ஸ் ஃபாக்ஸ், ஐசக் பாரே ஆகிய அரசியலாளர்களின் நட்பு அங்கே வாய்த்தது. குடியேற்ற நாடுகளின் குறைகளைப் பரிவோடு நோக்கிய வட்டம் அது.

அக்காலப் பிரிட்டிஷ் படையில் பதவிகள் விலைக்கு வாங்கவும் விற்கவும் பட்டன. உரிய உயர்வு தமக்குக் கிட்டாது எனக் கண்ட மாண்ட்கோமரி, 1772இல் தம் பதவியை விற்றுவிட்டு நியூயார்க் வந்து சேர்ந்தார். வாளை உறையிலிட்டு ஏரைப் பிடிப்பதே அவர் விருப்பம். கிங்ஸ் பிரிட்ஜ் என்னுமிடத்தில் சிறியதொரு பண்ணையை வாங்கினார்.

1773 ஜூலை 24ஆம் நாள் அவருக்கும் ஜேனட் லிவிங்ஸ்டனுக்கும் திருமணம் நடந்தது. லிவிங்ஸ்டன் குடும்பம் ஹட்சன் ஆற்றின் கரையில் பரந்த நிலங்களையும், குத்தகை உழவர்களையும், அடிமைகளையும் உடைய பெருங்குடும்பம். ஜேனட்டின் தந்தையார் நீதிபதி. தம்பியருள் ஒருவரான ராபர்ட், பின்னாளில் விடுதலைப் பிரகடனத்தை வரைய அமைந்த ஐவர் குழுவில் இடம்பெற்றவர். 1789இல் வாஷிங்டனுக்குக் குடியரசுத் தலைவராகப் பதவி உறுதிமொழி செய்துவைத்தவரும் அவரே. புதுமணத் தம்பதியர் ரைன்பெக் என்னும் ஊரில் குடியமர்ந்து நிலம் திருத்தினர். மக்கட்பேறு வாய்க்கவில்லை. அந்த அமைதியும் ஈராண்டே நீடித்தது.

1775 ஏப்ரலில் லெக்சிங்டனில் துப்பாக்கி முழங்கியது. அடுத்த திங்களிலேயே மாண்ட்கோமரி நியூயார்க் மாகாணப் பேரவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஜூனில் படைத்தலைவர்களுள் ஒருவராக அமர்த்தப்பட்டார். அவர் வேண்டிப் பெற்ற பதவியன்று அது. பதினாறு ஆண்டுகள் எந்த மன்னரின் சீருடையை அணிந்திருந்தாரோ அந்த மன்னரின் படைக்கு எதிரே நிற்கவேண்டிய நிலை. தயங்கினார், ஆயினும் புதிய நாட்டாரின் அழைப்பை மறுக்க அவர் மனம் ஒப்பவில்லை. ஜேனட் சரட்டோகா வரை உடன் சென்று வழியனுப்பினார். அதன்பின் இருவரும் ஒருவரையொருவர் கண்டதில்லை.

கனடாவின்மீது படையெடுப்பதே திட்டம். தலைமை ஏற்றிருந்த ஃபிலிப் ஸ்கைலர் நோய்வாய்ப்படவே, பொறுப்பு மாண்ட்கோமரியின் தோளில் விழுந்தது. செப்டம்பர் 17இல் தொடங்கிய செயிண்ட் ஜான்ஸ் கோட்டை முற்றுகை நவம்பர் 3 வரை நீண்டது. சேறும் நோயும் ஒருபுறம். ஆணைக்கு அடங்காத தன்னார்வப் படையினர் மறுபுறம். கட்டுப்பாட்டிலேயே வளர்ந்த பழைய படைவீரருக்கு இது பெருஞ்சோதனை. ஆயினும் கோட்டை வீழ்ந்தது. நவம்பர் 13இல் மாண்ட்ரியலும் பணிந்தது. கனடாவின் ஆளுநர் கை கார்ல்டன் மாறுவேடம் பூண்டு கியூபெக் நகருக்குத் தப்பினார்.

அந்தக் கார்ல்டனும் அயர்லாந்துக்காரரே. அவர் பிறந்த ஸ்ட்ரபேன் ஊரும், மாண்ட்கோமரியின் தந்தையார் உறுப்பினராக விளங்கிய லிஃபர்ட் ஊரும் ஒரே ஆற்றின் எதிரெதிர்க் கரைகள். ஹவானாவில் இருவரும் ஒரே கொடியின்கீழ்ப் போரிட்டவர்கள். இப்போது கியூபெக் மதிலின் உள்ளே ஒருவர், வெளியே ஒருவர்.

டிசம்பர்த் தொடக்கத்தில் மாண்ட்கோமரி ஏறத்தாழ 300 பேருடன் வந்து பெனடிக்ட் ஆர்னால்டுடன் சேர்ந்தார். ஆர்னால்டின் படையோ மெய்ன் காட்டைக் கடந்து வந்தது. ஏறத்தாழ 1,100 பேர் புறப்பட்டதில் 600 பேரே எஞ்சியிருந்தனர். மதிலைத் தகர்க்கப் போதிய பீரங்கிகள் இல்லை. அதனினும் பெரிய நெருக்கடி நாட்காட்டியில் இருந்தது. வீரர் பலரின் பணிக்காலம் ஆண்டின் இறுதி நாளோடு முடிந்துவிடும். புத்தாண்டு பிறந்தால் படை கரைந்துவிடும். ஆகவே பனிப்புயல் வீசும் இரவொன்றைத் தேர்ந்து தாக்குவதன்றி வேறு வழி அவருக்கு இல்லை.

டிசம்பர் 31 விடியுமுன் அந்தப் புயல் வந்தது. செயிண்ட் லாரன்ஸ் ஆற்றுக்கும் செங்குத்தான பாறைக்கும் இடையேயுள்ள குறுகிய தடத்தில் மாண்ட்கோமரி தாமே முன்னணியில் நடந்தார். தடுப்பு வேலிகளைக் கடந்து முன்னேறியபோது எதிரே இருந்த காவல்மனையின் பீரங்கி முழங்கியது. முதல் வெடியிலேயே அவரும் அருகிருந்த துணைவர் சிலரும் மாண்டனர். எஞ்சியோர் பின்வாங்கினர். நகரின் மறுபுறம் தாக்கிய ஆர்னால்ட் காலில் காயமுற்றார். நானூறுக்கும் மேற்பட்டோர் சிறைப்பட்டனர். பனி மூடிக் கிடந்த உடலை மறுநாள் கண்டெடுத்தபோது, பகைவரான கார்ல்டன் உரிய மதிப்புடன் அதை அடக்கம் செய்வித்தார். மாண்ட்கோமரிக்கு வயது 37. டிசம்பர் 9ஆம் நாளே பேரவை அவருக்கு மேஜர் ஜெனரலாகப் பதவி உயர்வு அளித்திருந்தது. அந்தச் செய்தி அவரை எட்டவேயில்லை.

அதன்பின் புகழ் பெருகிற்று. லண்டன் நாடாளுமன்றத்திலேயே பழைய நண்பர்கள் அவருக்காக இரங்கிப் பேசினர். அமெரிக்கப் பேரவை 1776 ஜனவரியில் நினைவுச்சின்னம் எழுப்பத் தீர்மானித்தது. பெஞ்சமின் ஃபிராங்க்ளின் பாரிசில் காஃபியேரி என்னும் சிற்பியிடம் அதைச் செய்வித்தார். தாமஸ் பெய்ன் அவருடைய ஆவியைப் பேசவைத்து ஓர் உரையாடல் எழுதினார். பிராக்கன்ரிட்ஜ் நாடகம் இயற்றினார். ஜான் டிரம்புல் 1786இல் தீட்டிய ஓவியத்தில் தளபதி தோழரின் கரங்களில் சாய்கிறார். உண்மையில் அவர் கிடந்தது இருளிலும் உறைபனியிலும். கலை தனக்கு வேண்டிய சாவைப் படைத்துக்கொண்டது.

ஜேனட்டுக்கோ சாவைப் படைக்கும் வேலை இல்லை. வாழும் வேலையே இருந்தது. 32 வயதில் கைம்மை நிலை எய்திய அவர், நிலபுலன்களைத் தாமே ஆண்டார். போரில் பெயர்பெற்ற தளபதி ஹொரேஷியோ கேட்ஸ் 1784இல் மணம் பேச வந்தபோது மறுத்தார். அயர்லாந்து சென்று கணவரின் உறவினரைக் கண்டார். 1800க்குப் பின் ஹட்சன் கரையில் புதிய மாளிகை எழுப்பி அதற்குக் கணவர் பெயரையே சூட்டினார். விடுதலைக்கு உயிர்விட்டவரின் பெயர் தாங்கிய அந்தப் பண்ணையிலும் அடிமைகள் உழைத்தனர் என்பதை வரலாறு மறைக்கவில்லை. அதே பெயர் தாங்கிய அலபாமா நகரில்தான் 1955இல் கறுப்பின மக்கள் பேருந்துகளைப் புறக்கணித்துத் தம் உரிமைக்கு நின்றனர். அவர் தொடங்கிய போர் முடிவுறாத இடமொன்று அவர் பெயராலேயே விளங்கியது.

1818இல் நியூயார்க் அரசு தளபதியின் எலும்புகளைக் கியூபெக்கிலிருந்து வருவித்தது. ஜூலைத் திங்களில் அவற்றைச் சுமந்த நீராவிப் படகு ஹட்சன் ஆற்றில் இறங்கி வந்தது. ஜேனட்டுக்கு அப்போது வயது 74. படகு வரும் வேளையில் தம்மைத் தனியே விடுமாறு கேட்டுக்கொண்டு தாழ்வாரத்தில் நின்றார். மாளிகைக்கு எதிரே படகு சிறிது நேரம் நின்றது, இரங்கலிசை எழுந்தது, வேட்டுகள் முழங்கின. பின்னர் அது தெற்கு நோக்கி நகர்ந்தது. உற்றார் சென்று பார்த்தபோது அவர் நினைவிழந்து கிடந்தார்.

எலும்புகள் நியூயார்க் நகரின் செயிண்ட் பால் சிற்றாலயத்தில், காஃபியேரியின் சின்னத்தருகே அடக்கம் பெற்றன. ஜேனட் 1828இல் மறைந்தார். சரட்டோகாவில் பிரிந்தவர் திரும்பி வர 43 ஆண்டுகள் ஆயின. வந்தவர் கரை ஏறாமலே கடந்து போனார்.