சுவாமி இராமகிருஷ்ணானந்தர்

பெரியோர் சரித்திரங்களைப் படிக்குங்கால் அவர் ஆற்றிய அருஞ்செயல்களையே நாம் தேடிப் படிக்கின்றோம். கடல் கடந்து சென்றதும், மகாசபைகளிற் பேசிப் புகழ் பெற்றதும் நம் கண்ணை எளிதில் ஈர்க்கின்றன. ஆனால் தாம் ஏற்ற சிறு கடமையை, காண்பார் இருப்பினும் இல்லாவிடினும், நாடோறும் ஒருபடியாகச் செய்து முடித்த ஒருவரின் வரலாறு அத்துணை எளிதில் நம் மனத்திற் பதிவதில்லை. அத்தகைய வரலாறு ஒன்றையே நம் மாணாக்க நண்பர்களின் பொருட்டு இங்குச் சுருக்கி வரையப் புகுந்தோம். சென்னை மாநகரில் பதினான்கு ஆண்டுகள் மாணாக்கரிடையே உழைத்துத் தம் உடலைத் தேய்த்த சுவாமி இராமகிருஷ்ணானந்தரே இச் சரித்திரத்தின் நாயகராவர்.

வங்காளத்தில் ஹூக்ளி ஜில்லாவைச் சார்ந்த இச்சாப்பூர் என்னும் கிராமத்தில் 1863ஆம் ஆண்டு ஜூலை மாதம் 13ஆம் நாள் இவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் சசிபூஷணர் என்பது. தந்தையார் ஈசுவரசந்திர சக்கரவர்த்தி தேவி உபாசனையிற் சிறந்த அந்தணர். ஆகவே பூஜையும் நியமமும் சசிக்கு இளமையிலேயே பழகியிருந்தன. கிராமத்துப் படிப்பு முடிந்தபின் கல்கத்தா சென்று, முதலில் ஆல்பர்ட் கலாசாலையிலும் பின்னர் மெட்ராபாலிடன் கலாசாலையிலும் பயின்றார். கணிதத்திலும் ஸம்ஸ்கிருதத்திலும் அவருக்கிருந்த பற்று இறுதிவரை குறையவில்லை. ஓய்வு நேரத்திற் பிறர் கதை படிப்பதுபோல் அவர் கணக்குகளை எடுத்து வைத்துக்கொண்டு மகிழ்வார் என்பர்.

அக்காலத்துக் கல்கத்தா மாணாக்கரிடையே சமயத்தைப் பற்றிய ஐயங்களும் விவாதங்களும் மிகுந்திருந்தன. சசியும் கேசவசந்திர சேனரின் பிரம சமாஜத்திற் சிலகாலம் பழகினார். 1883ஆம் ஆண்டில் தம் உறவினராகிய சரத் என்பவருடன் தட்சிணேசுவரம் சென்று ஸ்ரீ இராமகிருஷ்ண பரமஹம்ஸரைக் கண்டார். அன்றுமுதல் அவ்விடமே அவருக்கு மற்றொரு கலாசாலையாயிற்று. நரேந்திரர் முதலிய இளைஞர் பலர் ஆங்குக் கூடிவந்தனர். அவருட் பெரும்பாலார் கலாசாலைகளிற் பயின்றுகொண்டிருந்தவரே. கடவுளைப் பற்றி வாதிப்பதினும் கடவுளை நாடி வாழ்வதே மேல் என்பதை அவர்கள் ஆங்குக் கற்றனர்.

பரமஹம்ஸருக்குப் பனிக்கட்டியில் விருப்பம் உண்டு. ஒருநாள் கடுங்கோடையில் சசி கல்கத்தாவிற் பனிக்கட்டி ஒன்றை வாங்கிச் சுற்றியெடுத்துக்கொண்டு, கொதிக்கும் வெயிலில் தட்சிணேசுவரம் வரை நடந்தே சென்றார். கரையும் பொருளைக் கரையாமற் கொண்டு சேர்த்த அக்கவலையும் அன்புமே அவருடைய வாழ்க்கை முழுவதையும் விளக்கப் போதியன என்று நாம் கருதுகின்றோம்.

1885ஆம் ஆண்டில் பரமஹம்ஸருக்குத் தொண்டையிற் கொடிய நோய் கண்டது. மறு ஆண்டு காசிப்பூர்த் தோட்ட வீட்டில் இளைஞர்கள் முறைவைத்துக்கொண்டு பணிவிடை செய்தனர். அவருள்ளும் இரவு பகல் கருதாது, ஊணுறக்கம் மறந்து உடனிருந்தவர் சசியே. அச்சமயம் பி.ஏ. பரீக்ஷை அவர்முன் நின்றது. வீட்டாரின் வறுமையை நீக்கவல்ல பட்டம் அது. தந்தையாரும் மகன் வீடு திரும்புதலையே விரும்பினார். இருபுறமும் கடமையே நின்று இழுத்த அந்நிலையின் துன்பத்தைப் பரீக்ஷை எழுதும் நாம் ஓரளவு உணரக்கூடும். சசி பரீக்ஷையைக் கைவிட்டு நோயாளியின் பக்கலிலேயே இருந்துவிட்டார். 1886ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 16ஆம் நாள் பரமஹம்ஸர் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

அவ்வாண்டு டிசம்பர் மாதம் அவ்விளைஞர் சிலர் ஆந்த்பூர் என்னும் கிராமத்திற்குச் சென்றிருந்தனர். ஓரிரவு தீயை வளர்த்துச் சுற்றியமர்ந்து தியானம் செய்தபின், நரேந்திரர் இயேசுநாதரின் வாழ்க்கையையும் துறவையும் உள்ளங் கரைய எடுத்துரைத்தார். அத்தீயின் முன் அனைவரும் உலகைத் துறப்பதென உறுதி பூண்டனர். அவ்விரவு கிறிஸ்து பிறப்புத் திருநாளின் முன்னிரவு என்பது அவர்களுக்குப் பின்னரே தெரியவந்தது. அக்குழாத்துள் சசியும் ஒருவர். சிலநாளில் முறைப்படி சந்நியாசம் பெற்றபோது, நரேந்திரர் தமக்கே வைத்துக்கொள்ள எண்ணியிருந்த இராமகிருஷ்ணானந்தர் என்னும் பெயரைச் சசியின் குருபக்தியைக் கருதி அவருக்கே விட்டுக்கொடுத்தார்.

வராகநகரத்திற் பாழடைந்த வீடொன்றே அவர்களுடைய முதல் மடம். உணவும் உடையும் ஆங்கு அரியன. ஒருவர்பின் ஒருவராகத் துறவியர் தவத்திற்கும் யாத்திரைக்கும் புறப்பட்டுச் சென்றனர். இராமகிருஷ்ணானந்தரோ அம் மடத்தை விட்டு அகன்றாரில்லை. குருவின் அஸ்தியை வைத்துப் பூஜை செய்வதும், தியானத்தில் ஆழ்ந்து உணவை மறந்த சகோதரர்களைத் தேடிப் பிடித்திழுத்து வந்து உண்பிப்பதும் அவருடைய நித்திய கர்மங்களாயின. இவ்வாறு சுமார் பதினோராண்டுகள் கழிந்தன.

நிற்க, அமெரிக்கா முதலிய தேசங்களினின்று மீண்ட சுவாமி விவேகானந்தர் 1897ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் சென்னையில் ஒன்பது நாள் தங்கினார். சென்னைக் கிறிஸ்தவக் கலாசாலையிற் பயின்றவரும், அவரைச் சிக்காகோவிற்கு அனுப்ப வீடுதோறும் பொருள் திரட்டியவருமான அளசிங்கப் பெருமாள் முதலிய அன்பர்கள், தங்கள் நகரில் நிலையாகத் தங்கிப் போதிக்கத் துறவி ஒருவரை அனுப்பவேண்டுமென அவரை வேண்டிக்கொண்டனர். ஆசாரத்தில் அவர்களுட் சிறந்தாரையும் விஞ்சிய ஒருவரையே அனுப்புவதாக விவேகானந்தர் வாக்களித்தார். பூஜையறையை விட்டு ஒருநாளும் நீங்காத இராமகிருஷ்ணானந்தர், அவ்வாணையைக் கேட்டு மறுமொழி கூறாது, மார்ச்சு மாதத்திற் சென்னை வந்து சேர்ந்தார்.

அவர் நெடுநாள் வசித்தது கடற்கரையிலுள்ள ஐஸ் ஹவுஸ் என்னும் கட்டடம். அமெரிக்காவினின்று கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842ஆம் ஆண்டில் எழுப்பப்பட்டது அது. அக்காலத்தில் பிலிகிரி ஐயங்கார் என்னும் வக்கீலுக்கு உரியதாயிருந்தது. இந்நாளில் விவேகானந்தர் இல்லம் என வழங்குகின்றது. ஆங்குச் சுவாமி தாமே சமைத்து, தாமே பூஜை செய்து, பின்னர் நகரின் பல பாகங்களுக்கும் சென்று கீதை, உபநிஷத்து முதலியவற்றை மாணாக்கருக்கும் பிறர்க்கும் போதித்து வந்தார். வாரந்தோறும் வகுப்புகள் பல. திருவல்லிக்கேணியில் ஒருநாள், மயிலாப்பூரில் ஒருநாள் என முறை தவறாது நடந்தன. வருவாயோ மிகச் சிறிது.

கலாசாலைச் சங்கங்கள் ஜூன் மாதத்தில் ஆரவாரத்துடன் தொடங்கி, டிசம்பருக்குள் காரியதரிசியும் நாற்காலிகளுமாய்ச் சுருங்குவதை நாம் அறிவோம். சுவாமியின் வகுப்புகளும் சிலபோது அவ்வாறே மெலிந்தன. ஒருநாள் ஒருவரேனும் வரவில்லை. சுவாமி குறித்த நேரத்தில் அமர்ந்து, வெற்றறையில் வழக்கம்போலப் பாடத்தைச் சொல்லி முடித்தார். காரணம் கேட்டபோது, தாம் பிறர்க்குக் கற்பிக்க வந்தாரல்லர் என்றும், இது தாம் பூண்ட விரதம் என்றும், கேட்பார் வரினும் வாராவிடினும் விரதம் நிறைவேற வேண்டுமென்றும் அவர் கூறினாராம். பித்தென நகைப்பாரும் உளர். ஆயினும் அவ்வெற்றறையிலேதான் அவருடைய குணம் முழுவடிவிற் புலப்படுகின்றது. கூட்டம் கூடும்போது உழைக்க எவருக்கும் இயலும். கூட்டம் கலைந்தபின்னும் உழைப்பவரையே உறுதியுடையார் என்கின்றோம்.

பிலிகிரி ஐயங்கார் இறந்தபின் ஐஸ் ஹவுஸ் ஏலத்திற்கு வந்தது. அன்பர்கள் கலங்கி நிற்க, வாங்குபவர் யாராயினும் தமக்கு வேண்டியது ஒரு சிற்றறையே என்னும் அமைதியுடன் சுவாமி இருந்தார். 1907ஆம் ஆண்டில் மயிலாப்பூரில், கொண்டையா செட்டியார் என்னும் அன்பர் அளித்த நிலத்தில் மடத்திற்கெனச் சொந்தக் கட்டடம் அமைந்தது. கோடை இரவுகளில் ஆங்குக் குருவின் படத்திற்கு முன்னின்று நெடுநேரம் விசிறி வீசுவார். உயிருள்ளார்க்குச் செய்யும் உபசாரம் அனைத்தையும் படத்திற்கும் செய்தார்.

இத்தகைய பூஜையில் மூழ்கியவருக்கு ஊரார் துயர் கண்ணிற் படுமோ என்று ஐயுறுவார் உளர். அதற்கு விடை அவருடைய செய்கையிலேயே உளது. கோயமுத்தூரில் பிளேக் நோய் ஒரு குடும்பத்தாரை வாரிக்கொண்டு, சிறுவர் சிலரை மட்டும் அநாதைகளாக விட்டுச் சென்றது. அச்சிறுவரைக் காக்கும் பொறுப்பைச் சுவாமி ஏற்றார். அவரிடம் பழகி உள்ளந் திருந்திய இளைஞராகிய இராமசுவாமி ஐயங்கார், இராமாநுஜாச்சாரியார் ஆகியோர் அவ்வெண்ணத்தைத் தாங்கி, 1905ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் மயிலாப்பூரில் இராமகிருஷ்ண மாணவர் இல்லத்தைத் தொடங்கினர். ஏழை மாணாக்கர்க்கு உணவும் உறைவிடமும் கல்வியும் அளித்து, அவர் ஒழுக்கத்தையும் பேணுவதே அதன் நோக்கம். பின்னாளில் அதனைச் சார்ந்து உயர்தரப் பாடசாலையும் தொழிற்கல்வி நிலையமும் தோன்றின. வகுப்புகளுக்கு வந்து கேட்டுச் சென்றோர் தொகையை யாரும் எண்ணி வைத்திலர். அவ்வகுப்புகள் உருவாக்கிய இருவர் மூலமாகவோ, எண்ணிறந்த சிறுவர் சோறுண்டு கல்வி கற்றனர். பட்டம் பெறாமல் நின்றுவிட்ட மாணாக்கர் ஒருவரின் பெருமுயற்சி, பிறர் பட்டம் பெற வழியாயிற்று.

சுவாமி வெறும் போதகராக மட்டும் இருந்தாரில்லை. தாம் வந்து சேர்ந்த நாட்டிடம் கற்றும் கொண்டார். ஸ்ரீ வைஷ்ணவ ஆசாரியர் வரலாறுகளை ஆராய்ந்து, இராமாநுஜரின் சரித்திரத்தை வங்கமொழியில் எழுதினார். அதனால் தமிழ்நாட்டு ஆசாரியரின் பெருமை வங்காளத்து வீடுகளிலும் அறியப்பட்டது.

1911ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஸ்ரீ சாரதாதேவியாரைத் தென்னாட்டிற்கு அழைத்துவந்து, சென்னை, மதுரை, இராமேசுவரம் முதலிய இடங்களிற் குறைவின்றி உபசரித்தார். அதற்குள் உழைப்பாலும் அரைவயிற்று உணவாலும் அவருடல் நலிந்திருந்தது. க்ஷயரோகம் முற்றவே, சிகிச்சையின் பொருட்டுக் கல்கத்தா சென்றார். அங்கேயே அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் 21ஆம் நாள், நாற்பத்தெட்டாம் பிராயத்தில், உடல் நீத்தார்.

நண்பர்களே! ஆன்மிகம், ஒழுக்கம், தொண்டு என்னும் மூன்றையும் தனித்தனியே பயிலத்தக்க மூன்று பாடங்களாக நாம் எண்ணிவிடுகின்றோம். இப்பெரியார் வாழ்விலோ அவை ஒன்றாயிருந்தன. நோயுற்ற குருவிற்கு நீர் வார்த்ததும், வெற்றறையிற் கீதை சொன்னதும், அநாதைச் சிறுவர்க்குச் சோறு தேடியதும் ஒரே கவனத்துடன் செய்யப்பட்ட ஒரே பூஜையாம். நாமும் நம் சங்கங்களில் ஏதேனும் ஒரு சிறு பணியை ஏற்போமாயின், சேரிப் பிள்ளைகளுக்கு இரவிற் பாடஞ் சொல்வதாயினும் ஆகுக, நோயாளி ஒருவரைச் சென்று காண்பதாயினும் ஆகுக, அதனை வாரந் தவறாது ஆண்டு முடியுமட்டும் செய்வோமாக. உடன் வந்தோர் ஒருவரேனும் எஞ்சாத நாளிலும் அதனை விடாதிருப்போமாயின், அதுவே நாம் இப்பெரியார்க்குச் செலுத்தும் வணக்கமாகும்.